வீட்டுக்கொரு இசைக்கூடம்

(மூன்றாம் ஆண்டு, இளநிலை இயற்பியல்)

இசைக்கு மயங்காதார் எவருமிலர் என்பர். அது உண்மையே. ஆனால் இசைக்கு மயங்குவது வேறு. இசையை ஆக்குவது வேறு. மயங்குவதற்கு இரு செவிகள் போதும். ஆக்குவதற்குக் கருவி வேண்டும். கற்பிக்க ஆசான் வேண்டும். ஆக்கியதைப் பதிவு செய்து பிறர் செவிக்குக் கொண்டு சேர்க்கக் கூடம் வேண்டும். இம்மூன்றுக்கும் அடியில் பணம் வேண்டும். நம் கல்லூரியில் பாடத் தெரிந்தவர்கள் பலர். சொந்தமாக மெட்டமைக்கத் தெரிந்தவர்களும் உண்டு. கல்லூரி நாள் மேடையில் ஐந்து நிமிடம் பாடிக் கைத்தட்டல் வாங்குவதோடு அவர்தம் திறமை அடங்கிவிடுகிறது. குதிருக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகும் விதைநெல்லைப் போன்றது அத்திறமை.

நம் நகரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் விசாரித்தேன். ஒரு மணி நேரத்திற்கு 700 ரூபாய் என்றார்கள். ஒரு பாடலை ஒழுங்காக முடிக்க ஐந்து மணி நேரமாவது ஆகும். அப்படியானால் 3,500 ரூபாய்! எங்கள் வகுப்பில் பலருக்கு அது ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்தைவிட அதிகம். கூடத்தாரைக் குறை கூறவில்லை. அவர்களும் கடன் வாங்கித்தான் கருவி வாங்கியிருப்பார்கள். பிழைப்பு என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது.

இந்நிலையில்தான் வீட்டிலிருந்தே இசையமைக்க உதவும் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி மலர் வாசகர்களோடு சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அவை இருக்கின்றன என்று அறிவிப்பது மட்டும் என் நோக்கமன்று. ‘இலவசம்’ என்று நாம் மகிழ்ந்து எடுத்துக்கொள்வனவற்றுள் எதை எடுக்க வேண்டும்? எடுத்தபின் எதைக் கொடுக்க வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரை.

பெட்டிக்குள் வந்த கூடம்

கணினிக்கும் இசைக்கும் உள்ள உறவு புதியதன்று. 1957ஆம் ஆண்டில், அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மாக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியாளர் எழுதிய நிரல், ஐ.பி.எம். 704 என்ற கணினியைக் கொண்டு 17 வினாடி நீளமுள்ள இசையொன்றை உண்டாக்கியது. ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் கணினி அது. பதினேழு வினாடிக்கு அத்தனை பெரிய எந்திரம்! இன்று அதைவிடப் பன்மடங்கு ஆற்றலுள்ள கணினி நம் புத்தகப் பைக்குள் அடங்கிவிட்டது.

அடுத்த பெரிய அடி 1983இல் எடுத்து வைக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் மின்னிசைக் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசுவது அரிது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி. ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு மொழியை உருவாக்க உழைத்தனர். அதுவே ‘மிடி’. எந்தச் சுரம், எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எவ்வளவு அழுத்தத்துடன் வாசிக்கப்பட்டது என்பவற்றையெல்லாம் எண்களாகச் சொல்லும் மொழி அது. இதில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அம்மொழியைப் பயன்படுத்த எவரிடமும் உரிமத்தொகை கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் அது நான்கைந்து நிறுவனங்களோடு நின்றிருக்கும். கேட்காததால் நாற்பது ஆண்டுகள் கடந்தும் உலகமெங்கும் வழங்குகிறது. அவ்விருவருக்கும் 2013இல் கிராமி அமைப்பு தொழில்நுட்பத்திற்கான விருது அளித்துச் சிறப்பித்தது.

1996இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டைன்பெர்க் நிறுவனம் ‘வி.எஸ்.டி.’ என்னும் முறையைக் கொண்டுவந்தது. இன்று ‘பிளகின்’ என்றும், தமிழில் ‘செருகுநிரல்’ என்றும் சொல்கிறோமே, அது பரவுவதற்கு வழிகோலியது இம்முறையே. பெரிய மென்பொருள் ஒன்று வீடு என்றால், செருகுநிரல் அதில் வந்து தங்கும் விருந்தாளி. ஒன்று வயலினாக ஒலிக்கும். ஒன்று எதிரொலி சேர்க்கும். ஒன்று இரைச்சலைக் குறைக்கும். முன்பு தனித்தனிப் பெட்டிகளாக வாங்கி அடுக்கியவை எல்லாம் இப்போது கணினிக்குள் நிரல்களாக வந்து அமர்ந்துவிட்டன.

ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார் என்பதும், 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை அங்கே உருவாயிற்று என்பதும் நாம் அறிந்தவை. வீட்டிலிருந்து எழுந்த இசை நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்தது. ஆயினும் அன்று அப்படியொரு கூடம் அமைப்பது பெரும் பொருட்செலவு பிடித்த முயற்சி. இன்று அதன் பெரும்பகுதி வேலையைப் பொருட்செலவின்றிச் செய்ய முடிகிறது என்பதே நம் காலத்தின் பேறு.

என்னென்ன இருக்கின்றன?

முதலில் சொல்லத்தக்கது ‘ஆடாசிட்டி’. அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மசோனி, ரோஜர் டான்னன்பெர்க் ஆகிய இருவரும் தொடங்கிய பணி இது. 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த பிள்ளை என்பதால் நமக்கு இதன்மேல் தனிப் பாசம் இருக்கலாம். குரலைப் பதியலாம், வேண்டாத பகுதியை வெட்டலாம், மின்விசிறியின் இரைச்சலைக் குறைக்கலாம், பல பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். தொடங்குகிறவருக்கு இதுவே போதும்.

மெட்டும் தாளமும் அமைக்க ‘எல்.எம்.எம்.எஸ்.’ இருக்கிறது. கீபோர்டு இல்லாதவர்கள் சுட்டியால் கட்டம் கட்டமாகச் சுரங்களை வைத்தே பாடல் அமைக்கலாம். அதன் 1.2ஆம் பதிப்பில் குரலை நேரடியாகப் பதிய வழியில்லை. ஆடாசிட்டியில் பதிந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தாளத்துக்கென்றே இருப்பது ‘ஹைட்ரஜன்’. மேலைநாட்டு முறையில் சுரம் எழுதுவோருக்கு ‘மியூஸ்ஸ்கோர்’. பல தடங்களில் பதிந்து முழுமையான பாடலாகக் கலந்து எடுக்க, பால் டேவிஸ் என்பவர் தொடங்கிய ‘ஆர்டர்’.

செருகுநிரல்களிலும் குறைவில்லை. 1983இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட டி.எக்ஸ்.7 என்ற கீபோர்டின் ஒலி எண்பதுகளின் பாடல்களிலெல்லாம் கேட்கும். அக்கருவியின் ஒலிமுறையை அப்படியே கணினியில் கொண்டுவருவது ‘டெக்ஸெட்’ என்னும் கட்டற்ற செருகுநிரல். ருமேனிய நாட்டவரான நாஸ்கா பால் தொடங்கிய ‘ஜின்ஆட்சப்எஃபெக்ஸ்’ என்பதும், ‘சர்ஜ்’ என்பதும் புதிய ஒலிகளை நாமே படைக்க உதவுவன. இவற்றின் பெயர்கள் வாயில் நுழையாவிட்டாலும் இவை எழுப்பும் ஒலிகள் காதில் இனிமையாகவே நுழைகின்றன.

என் அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு தந்த மடிக்கணினியில்தான் நான் இவற்றைப் பழகினேன். 2011இல் தொடங்கிய அத்திட்டத்தின் மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரணில் தூசு படிந்து கிடக்கின்றன. மின்கலம் செத்திருக்கும், ஆனால் மின்னிணைப்பில் போட்டால் இன்னும் உயிர் வரும். புதிய பதிப்புகள் ஏறாத பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை இட்டால், மேற்சொன்னவற்றுள் பல அதில் இயங்கும்.

கணினி மெதுவாக இருக்கிறதே என்று வருந்துவோர்க்கு இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு குறிப்பு. குறுந்தகட்டுத் தரத்தில் ஒலியைப் பதியும்போது வினாடிக்கு 44,100 முறை ஒலியலையின் அளவு குறித்துக்கொள்ளப்படுகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப்போல் இரு மடங்குக்கு மேல் குறித்தால்தான் அலை சிதையாது. இக்குறிப்புகளைக் கணினி கட்டுக் கட்டாக வாங்கிக் கையாள்கிறது. ஒரு கட்டுக்கு 1,024 குறிப்பு என்றால் 23 மில்லி வினாடித் தாமதம். 256 என்றால் 6 மில்லி வினாடிக்கும் குறைவு. ஆகவே பாடிப் பதியும்போது கட்டைச் சிறிதாக்குங்கள். பதிந்து முடித்துப் பாடலைக் கலக்கும்போது பெரிதாக்குங்கள். பழைய கணினியும் மூச்சு வாங்காமல் ஓடும்.

விலையின்மையும் விடுதலையும்

இனி நான் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையின்மையையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். அதனால் அம்மொழியினர் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்று ஒரு சொல், கட்டற்றது என்று ஒரு சொல், இரண்டும் தமிழில் உண்டு. சொல் இருந்தும் வேறுபாட்டை நாம் கருதுவதில்லை என்பதுதான் குறை.

1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். நான்கு உரிமைகளை அவர் இயக்கம் வலியுறுத்துகிறது. எப்பயனுக்காகவும் மென்பொருளை இயக்கும் உரிமை. அது எப்படி இயங்குகிறது என்று படித்து மாற்றும் உரிமை. பிறர்க்குப் படியெடுத்துத் தரும் உரிமை. மாற்றியமைத்ததையும் பிறர்க்கு வழங்கும் உரிமை. இந்நான்கும் இருந்தால் அது கட்டற்றது. இவற்றில் ஒன்று குறைந்தாலும், விலையே இல்லாவிட்டாலும், அது நம்முடையது அன்று. இரவல் நகைதான்.

இதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவேன்.

முதலாவது, ‘கேக்வாக்’ என்னும் இசை மென்பொருள். 1987 முதல் வழங்கி வந்த பழம்பெரும் மென்பொருள் அது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் அதன் வளர்ச்சிப் பணியை நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் திகைத்து நின்றனர். 2018இல் சிங்கப்பூரைச் சேர்ந்த பாண்ட்லாப் நிறுவனம் அதை வாங்கி, எல்லோருக்கும் இலவசமாக வழங்கியது. பலரும் மகிழ்ந்தனர். ஐந்தாண்டு கழிந்தது. 2023இல் அந்த இலவசப் பதிப்பை முடித்துக்கொண்டு, ‘சோனார்’ என்ற பெயரில் புதியதொன்றைக் கட்டணத்துக்குத் தரப்போவதாக அறிவிப்பு வந்தது. பிறகு 2025இல் சோனாருக்கே ஓர் இலவசப் படிவமும் வந்தது. நிறுவனத்தாரைக் குறை சொல்வதற்கு இதை நான் எழுதவில்லை. அவர்கள் பொருள், அவர்கள் விருப்பம். கொடுக்கும் கை நினைத்தால் கொடுக்கும், நினைத்தால் மூடிக்கொள்ளும். பயன்படுத்தியவர்களுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. இதுதான் வெறும் இலவசத்தின் இயல்பு.

இரண்டாவது, முன்பு சொன்ன ‘சர்ஜ்’. கிளாஸ் யோஹான்சன் என்பவர் உருவாக்கி விலைக்கு விற்றுவந்த செருகுநிரல் இது. அதைத் தொடர்ந்து வளர்க்க இயலாத நிலையில், 2018இல் அதன் மூல நிரலைக் கட்டற்ற உரிமத்தின்கீழ்ப் பொதுவில் வைத்துவிட்டார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் வந்து சேர்ந்தனர். பழுது பார்த்தனர், புதியன சேர்த்தனர். 2022இல் ‘சர்ஜ் எக்ஸ்.டி.’ என்ற பெயரில் அது முன்னினும் பொலிவோடு வெளிவந்தது. ஒன்று கைமாறிக் கைமாறித் தவித்தது. மற்றொன்று ஊர்ப்பொதுக் குளம்போல் ஆனது. தூர் வாருவதற்கு ஊரே உரிமை பெற்றிருந்தால், ஒருவர் கைவிட்டாலும் குளம் தூர்ந்து போகாது.

மூன்றாவதாக ஒன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2021இல் ஆடாசிட்டி மியூஸ் குழுமத்தின் கைக்குப் போயிற்று. பயனர்களின் தகவல்களைத் திரட்டுவது பற்றிய அவர்களின் கொள்கை அறிக்கைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது, அறிக்கை திருத்தப்பட்டது. அதற்குள் மூல நிரலை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனவர்களும் உண்டு. ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை, நாங்கள் தனியே நடத்திக்கொள்கிறோம்’ என்று சொல்லும் வலிமை பயனருக்கு இருந்தது. அந்த வலிமையைத்தான் நான் விடுதலை என்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆர்டர் மென்பொருளின் மூல நிரல் எவர்க்கும் கிடைக்கும். ஆனால் உடனே இயக்கும்படி ஆயத்தம் செய்த படியை அவர்கள் தளத்திலிருந்து பெற வேண்டுமானால் சிறு தொகை செலுத்த வேண்டும். விலை இருக்கிறது, விடுதலையும் இருக்கிறது. உழைத்தவர் உண்ணத்தானே வேண்டும்? ஆகவே எதையும் தேர்ந்தெடுக்கும்போது ‘காசு கேட்கிறதா?’ என்ற கேள்வியோடு, ‘நாளை இது என் கையில் இருக்குமா?’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பீர்களாக.

சுருதி பேசும் உண்மை

மாற்றும் உரிமையால் நமக்கென்ன பயன், நாம் என்ன நிரலா எழுதப்போகிறோம் என்று சிலர் கேட்கலாம். கர்நாடக இசை பயிலும் நண்பர்கள் இதற்கு விடை கண்டுகொள்வர்.

நாம் வாங்கும் கீபோர்டுகள் பெரும்பாலும் மேலைநாட்டுச் சமப்பங்கீட்டு முறையில் சுருதி கூட்டப்பட்டவை. ஒரு ஸ்தாயியை 1,200 ‘சென்ட்’ எனக் கொண்டு, பன்னிரண்டு சுரங்களுக்கும் நூறு நூறாகப் பகிர்ந்துவிடுவர். அதன்படி அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கும். ஆனால் தம்புராவைச் சுருதி சேர்த்து மீட்டும்போது, மீட்டாத காந்தாரம் ஒன்று தானே எழுந்து ஒலிக்குமே, அது ஷட்ஜத்துக்கு 5:4 என்ற விகிதத்தில் உள்ளது. ஏறத்தாழ 386 சென்ட். ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ் எனக் கொண்டால், தம்புராவின் காந்தாரம் 300 ஹெர்ட்ஸ். கீபோர்டின் காந்தாரம் ஏறத்தாழ 302.4 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு இரண்டு முறைக்கு மேல் அலையலையாக விம்மும். நம் பாட்டாசிரியர்கள் கீபோர்டைக் கேட்டு முகம் சுளிப்பது பழமைப் பிடிவாதம் அன்று, இயற்பியல் உண்மை.

சர்ஜிலும் ஜின்ஆட்சப்எஃபெக்ஸிலும் இந்தப் பங்கீட்டை மாற்றலாம். சர்ஜ் ஏற்கும் ‘ஸ்காலா’ என்னும் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. பன்னிரண்டு வரிகளில் பன்னிரண்டு விகிதங்களை எழுதினால் போதும். கருவி நம் சுருதிக்கு வந்துவிடும். சர்ஜ் பொதுவுக்கு வந்தபின் தன்னார்வலர்கள் சேர்த்த வசதி இது. சந்தையில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் பார்த்திருந்தால் நம் காந்தாரத்துக்காக எவர் மெனக்கெட்டிருப்பார்? திறந்த கதவின் வழியேதான் நம் இசையும் உள்ளே போக முடிகிறது.

எழக்கூடிய மறுப்புகள்

‘இத்தனை தொல்லை எதற்கு? பத்தாயிரக்கணக்கில் விலையுள்ள மென்பொருளையே பூட்டுடைத்துத் தருகிறார்களே!’ என்பது விடுதிகளில் அடிக்கடி கேட்கும் வாதம். ‘கிராக்’ என்று அதற்குச் செல்லப் பெயர் வேறு. என் சித்தப்பா மகனுக்குக் கணினிக் கடையொன்றில் அப்படித்தான் போட்டுத் தந்தார்கள். இரண்டு வாரத்தில் கணினியில் இருந்த கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று திரையில் செய்தி வந்தது. அவன் அமைத்த மூன்று பாடல்களும் அதோடு போயின. ஆபத்தை விடுங்கள், நெறியைப் பாருங்கள். நம் பாட்டை எவரேனும் திருடினால் கொதிக்கின்ற நாம், பிறர் உழைப்பைத் திருடிக்கொண்டே அந்தப் பாட்டை ஆக்கலாமா? கட்டற்ற மென்பொருள் இருக்கும்போது திருடுவதற்கு வறுமையைக்கூடக் காரணம் காட்ட முடியாது.

‘வீட்டில் செய்வது தரமாகுமா?’ என்பது அடுத்த ஐயம். 2020ஆம் ஆண்டு கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்று விருது பெற்றது பில்லி ஐலிஷ் என்ற இளம்பெண்ணின் தொகுப்பு. அதன் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் அண்ணனின் படுக்கையறையில் பதியப்பட்டது. அவர்கள் பயன்படுத்தியது விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது அறையைப் பற்றி. நல்ல மைக் ஒன்று, போர்வைகள் தொங்கவிட்ட ஓர் அறை, பொறுமை ஆகியவை இருந்தால் தரம் வரும். கட்டற்ற மென்பொருள்களில் குறைகளும் உண்டு. பெரிய வாத்தியக் குழுவின் இயல்பான ஒலி வேண்டுமானால் விலையுள்ள தொகுப்புகளே இன்றும் மேலானவை. குரலும் ஓரிரு வாத்தியமும் கொண்ட நம் பாடல்களுக்கு அக்குறை தடையாகாது.

‘ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பாட்டையே செய்து தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்போரும் உளர். சமைத்த சோறு கடையில் கிடைக்கிறது என்பதற்காகச் சமையல் கற்பதை யாரும் வீண் என்பதில்லை. ஆக்கிப் பார்ப்பவனுக்கே சுவையின் நுட்பம் தெரியும். செருகுநிரல்களைச் சேர்த்துக்கொண்டே போவதும் இதே போன்ற மயக்கம்தான். நூறு செருகுநிரல் சேர்த்து ஒரு பாட்டும் முடிக்காதவனைவிட, மூன்றை வைத்துக்கொண்டு மூன்று பாட்டு முடித்தவனே இசைஞன்.

நாம் கொடுப்பது என்ன?

எடுப்பதைப் பற்றி இதுவரை பேசினேன். கொடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் கட்டுரை பாதியில் நின்றதாகும்.

ஹைட்ரஜனைத் திறந்தால் முதலில் கேட்பது மேலைநாட்டுத் தோற்கருவிகளே. செய்தவர்கள் தம் ஊர் ஒலியை வைத்தார்கள், அது இயல்பு. நம் பறையும், உறுமியும், பம்பையும், தவிலும் அங்கே இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை. நாம் கொடுத்திருந்தால் அவை இருந்திருக்கும். ஹைட்ரஜனில் எவரும் தம் கருவித் தொகுப்பைச் சேர்க்கலாம். ஒரே அடியை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பலமுறை பதிந்து, மிடி அழுத்தத்தின் 1 முதல் 127 வரையுள்ள அளவுகளில் பகிர்ந்து வைத்தால், கருவி உயிரோடு ஒலிக்கும்.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த அடிக்குச்சியின் ஒலி வேறு, மெல்லிய சிண்டுக்குச்சியின் ஒலி வேறு; நடுவில் விழும் அடி வேறு, விளிம்பில் விழும் அடி வேறு. தீயில் காய்ச்சித் தோல் இறுகிய உடனே எழும் ஒலி ஒன்று. அது தளர்ந்தபின் எழும் ஒலி மற்றொன்று. இத்தனையும் பதிந்தால்தான் அது பறை. தவிலில் வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகளின் ஓசையும், இடக்கைக் கழியின் ஓசையும் தனித்தனியே வேண்டும். இந்த நுட்பங்களை அயல்நாட்டுப் பொறியாளர் ஒருவர் வந்து அறிவார் என்று எதிர்பார்ப்பது பேதைமை. அறிந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்; பதியும் கருவி நம் பையில் இருக்கிறது.

பதிந்தவற்றை உலகோடு பகிர இடமும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவிலுள்ள பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ‘ஃப்ரீசவுண்டு’ என்னும் ஒலிக்களஞ்சியம் அத்தகையது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது உரிமங்களின்கீழ் ஒலிகள் அங்கே வைக்கப்படுகின்றன. வெளியிட்டவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றும், வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது என்றும் நிபந்தனை விதிக்க முடியும்.

இங்கேதான் ஒரு கடினமான கேள்வி குறுக்கே நிற்கிறது. ஓர் ஆட்டக்காரரின் பறையொலியை ஒருமுறை பதிந்து பொதுவில் வைத்துவிட்டால், நாளை அவரை யார் மேடைக்கு அழைப்பார்? அவர் கைத்தொழிலை நாமே பறித்ததாகாதா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மென்பொருள் எழுதியவர் தாமே விரும்பித் தம் உழைப்பைப் பொதுவில் வைத்தார். கலைஞரும் அதேபோல் அறிந்து, விரும்பி வைத்தால்தான் அது கொடை. கேட்காமல் பதிந்து நாம் வழங்கினால், அது பிறர் வீட்டு நெல்லை அள்ளி அன்னதானம் செய்வது போன்றது. ஆகவே மூன்று நிபந்தனைகளை முன்வைக்கிறேன். பதிவு எங்கே போகிறது, எவரெவர் பயன்படுத்துவர் என்பதைக் கலைஞருக்கு விளங்கச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். பதிவு நாளுக்கு உரிய ஊதியம் தர வேண்டும். அவர் விரும்பினால் அவர் பெயரும் ஊரும் அந்த ஒலியோடு என்றும் நிற்க வேண்டும். இம்மூன்றும் இயலாதபோது பதியாமல் திரும்பி வருவதே முறை.

தனி அடிகளைப் பதிவதால் ஆட்டக்காரரின் கலை அடங்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அடவும், காலமும், ஆட்டமும், கூட்டத்தின் முகம் பார்த்து அடியை மாற்றும் மனமும் எந்தக் கோப்பிலும் ஏறா. ஆயினும் இதை முடிவு செய்ய வேண்டியவர் அவரே. நாம் அன்று.

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

முதல்வர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் பணிவுடன் சிலவற்றை வேண்டுகிறேன். நம் கணினிக் கூடத்தில் ஓரிரு கணினிகளிலேனும் இம்மென்பொருள்களை நிறுவித் தாருங்கள். செலவு ஒன்றுமில்லை, ஒரு பிற்பகல் நேரமே தேவை. ஒரு மைக்கும் இரண்டு ஹெட்போன்களும் இருந்தால் அது கல்லூரியின் இசைக்கூடமாகிவிடும். வாரம் ஒருநாள், வகுப்பு முடிந்தபின், தெரிந்த மாணவர் தெரியாதவர்க்குச் சொல்லித் தரட்டும். நான் வரச் சித்தமாயிருக்கிறேன்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஆண்டுதோறும் ஏழு நாள் சிற்றூருக்குச் செல்கிறோம். சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அவ்வேழு மாலைகளில் ஒரு மாலையை அவ்வூர்க் கலைஞர்களுக்கு ஒதுக்கலாமே! மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளோடு அவர்கள் ஒலியைப் பதிந்து வரலாம். ஊதியத்துக்கு மாணவர் ஒவ்வொருவரும் இருபது ரூபாய் போட்டாலும் ஓரளவு சேரும். தமிழ்த்துறையினர் கருவிகளின் பெயரும் வரலாறும் எழுதலாம், இயற்பியல் துறையினர் அதிர்வெண் அளக்கலாம், கணினித்துறையினர் தொகுப்பாக்கலாம். பல துறைகள் கூடிச் செய்ய இதைவிடப் பொருத்தமான பணி எனக்குத் தோன்றவில்லை.

நண்பர்களே! நாம் முகம் அறியாத எவரெவரோ, தம் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து எழுதிய நிரல்களைக் கொண்டு இன்று நம் பாட்டை ஆக்குகிறோம். அவர்களுக்கு நாம் காசு அனுப்ப இயலாது, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் தந்ததைப் போலவே நாமும் ஒன்றைப் பொதுவில் வைத்தால் கணக்கு நேராகும். உலகின் எங்கோ ஒரு மூலையில் ஒரு மாணவன் மடிக்கணினியைத் திறக்கும்போது, நம் ஊர்ப் பறையின் அதிர்வும் அதை அடித்தவரின் பெயரும் அவனுக்குக் கிடைக்கட்டும். அந்த நாளை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கிவைப்போம்.